கண்பட்டை

கம்ப்யூட்டர் ‘டொடங்’ என்று ஒரு சத்தம் போட்டால் அந்த வீட்டில் ஒருவர் ஊமையாகிவிடுவார்.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. செருகியிருந்த எதையாவது பிடுங்கினால் எல்லாக் கம்ப்யூட்டர்களும் போடுகிற சத்தம்தான். படியில் தடுக்கி விழுவதுபோல இரண்டே சுரம். மற்ற வீடுகளில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். இந்த வீட்டுத் தையல்காரி மட்டும் அது கேட்டால் துணியை ஊசிக்கு அடியில் அப்படியே விட்டுவிட்டு உள் அறைக்கு ஓடுவாள். பல நேரங்களில் மெஷின் இரைச்சலில் அது கேட்பதும் இல்லை. அதுதான் இன்னும் பெரிய பயம்.

உள் அறைக் கட்டிலில் அவள் கணவர் இருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஆகாயத்தில் தொங்குகிற கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, வீடு மாதிரி இருக்கும் இரும்புப் பெட்டிகளைக் கப்பலிலிருந்து தூக்கி, லாரியின் முதுகில் ஒரு தட்டை வைப்பதுபோல வைத்துவிடுவார். “கையா வேலை செய்யுது? கண்ணுதான் வேலை செய்யுது” என்று அந்த நாளில் பெருமையடித்துக்கொள்வார். பிறகு நரம்பு நோய் வந்தது. முதலில் விரல்கள், அப்புறம் கால்கள், கழுத்து, கடைசியில் நாக்கு என்று ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு போனது. இப்போது நிஜமாகவே கண்தான் வேலை செய்தது. வேறு எதுவும் செய்யவில்லை.

கட்டிலுக்கு எதிரே சக்கரம் வைத்த மேஜையில் கம்ப்யூட்டர். திரைக்குக் கீழே ஒரு முழ நீளத்துக்குக் கறுப்பாக ஒரு பட்டை. அதற்குள் சிவப்புப் புள்ளிகள் மினுங்கும். அவர் கண் திரையில் எந்த எழுத்தின் மேல் நிற்கிறதோ அதைப் பட்டை கண்டுபிடித்து எழுதும். வாக்கியம் முடிந்ததும் ஸ்பீக்கரில் ஒரு ஆண்குரல் படிக்கும். ஏற்ற இறக்கமே இல்லாமல் வெள்ளச் சேதத்தைச் சொல்கிற குரல். அதற்குச் ‘செய்தியாளர்’ என்றும், பட்டைக்குக் ‘கண்பட்டை’ என்றும் வீட்டில் பெயர் வைத்திருந்தார்கள்.

“செய்தியாளர் இன்னிக்கு என்ன சொல்றாரு?” என்று கேட்டுக்கொண்டே சூப்புக் கிண்ணத்தோடு உள்ளே வருவாள்.

“சூப்பில் உப்பு இல்லை. முதலாளியம்மா கவனம் எங்கே?” என்பார் செய்தியாளர்.

தையல் தொழில் அவளுடையது என்பதால் அவர் அவளை முதலாளியம்மா என்றுதான் கூப்பிடுவார். நாக்கு இருந்த காலத்திலும் அப்படித்தான்.

மழைக்காலம் தொடங்கியபோதுதான் இந்த ‘டொடங்’கும் தொடங்கியது. அவர் பாதி வாக்கியத்தில் இருக்கும்போது சத்தம் வரும், சிவப்புப் புள்ளிகள் அணையும், திரையில் எழுத்து அப்படியே நிற்கும். பட்டையின் வயரைப் பிடுங்கி மறுபடி செருகினால் சில சமயம் உயிர் வரும். இல்லையென்றால் கம்ப்யூட்டரையே அணைத்துப் போட வேண்டும். இரண்டையும் அவரால் செய்ய முடியாது. யாராவது வந்து பார்க்கிறவரை, பூட்டிய வீட்டுக்குள் இருக்கிறவர்போல அவர் தனக்குள்ளேயே இருக்க வேண்டியதுதான்.

ரிப்பேர்க்காரர் அடிக்கடி வந்தார். வாசலில் குடையை உதறும்போதே, “அக்கா, ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?” என்று கேட்பவர். அவருக்கும் ரீஸ்டார்ட் என்றே பெயர் ஆகிவிட்டது. வைத்தவர் கிரேன்காரர்தான். செய்தியாளர் முதல்முறை “வாங்க ரீஸ்டார்ட்” என்றபோது ரிப்பேர்க்காரர் திடுக்கிட்டு, பிறகு அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

ரீஸ்டார்ட் முதலில் வயரை மாற்றினார். அப்புறம் முன்பக்கத் துளையிலிருந்து பின்பக்கத் துளைக்கு மாற்றினார். இன்னொரு நாள், கரண்ட் மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று கம்ப்யூட்டர் துளைகளைத் தூங்கவைத்துவிடும் என்று சொல்லி, எங்கோ ஒரு ‘டிக்’கை எடுத்துவிட்டார்.

“அப்டேட்னு ஒண்ணு வந்துச்சு பாருங்க, அதுதான் வினை. இந்தத் துளையெல்லாம் மேய்க்கறதுக்கு உள்ள கண்ட்ரோலர்னு ஒண்ணு இருக்கு. அத ஓட்டறதுக்கு ஒரு டிரைவர். நம்ம வண்டி டிரைவர் மாதிரின்னு வச்சுக்குங்க. அப்டேட்ல வந்த புது ஆளுக்கு வழி தெரியல, நடுரோட்டுல நிறுத்திடறான். அவன அனுப்பிட்டுப் பழைய ஆளையே கூப்பிட்டாச்சு. இனிமே பயமில்ல.”

“அந்தப் பழைய ஆள் குடிக்கிறவன் போலிருக்கு. தெனம் நிறுத்தறான்” என்றாள் நாத்தனார், மறுவாரம்.

நாத்தனார் கிரேன்காரரின் அக்கா. அடுத்த தெருவில் இருந்தாள். மதியச் சமையலை முடித்ததும் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து, தம்பியின் கை கால்களுக்கு எண்ணெய் தேய்த்து மடக்கி நீட்டிவிடுவாள். எதையும் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுகிறவள். நல்லதையும்கூடத் திட்டுகிற மாதிரிதான் சொல்வாள்.

இதில் புரியாத விஷயம் ஒன்று இருந்தது. ரீஸ்டார்ட் மேஜை அருகே உட்கார்ந்து பார்க்கும்போது எதுவும் நடக்காது. நாத்தனார் எண்ணெய் தேய்க்கும்போதும் நடக்காது. தையல்காரி நாற்காலி போட்டுப் பக்கத்தில் இருந்தாலும் நடக்காது. அவர் தனியாக இருக்கும்போதுதான் கண்பட்டை செத்தது.

தனியாக விடாமல் இருக்கவும் முடியவில்லை. ஆஸ்பத்திரித் துப்புரவுப் பணியாளர்களுக்கான நீலக் கோட்டுகள், முன்னறையில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. மழையில் துணியெல்லாம் நமுத்துப்போய், இஸ்திரி போட்டால் ஆவியும் நாற்றமும் கிளம்பியது. ஓரம் அடிக்கும் மெஷினை மிதித்தால் லாரி மேட்டில் ஏறுகிற சத்தம். அந்தச் சத்தத்தில் செய்தியாளர் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதற்காகத்தான் அவள் திரைக்கு மேலே ஒரு கேமரா வாங்கி வைத்திருந்தாள். முதலில் வைத்த கேமராவில் அவர் முகம் மாவு பூசியதுபோலத் தெரிந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, இமை முடிகூடத் தெரிகிற மாதிரி வேறு ஒன்று வாங்கினாள். போனைத் திறந்தால் அவர் தெரிவார். ஒரு கோட்டுக்குக் காலர் வைத்ததும் போனைப் பார்ப்பாள். கை வைத்ததும் பார்ப்பாள். பொத்தான் துளை போட்டதும் பார்ப்பாள்.

இதற்கிடையில் மூச்சு விஷயம் வந்து சேர்ந்தது. படுக்கும்போது மாட்டுகிற முகமூடி இனிமேல் நெடுநாள் தாங்காது என்றார் டாக்டர். தொண்டையில் துளை போட்டு மெஷினை இணைக்கலாம். இல்லையென்றால் வேண்டாம் என்று விட்டுவிடலாம். வேண்டாம் என்றால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

“முடிவு அவருடையதுதான். நீங்களும் சொல்லக் கூடாது, அவங்க அக்காவும் சொல்லக் கூடாது. வெள்ளிக்கிழமை நானே வீட்டுக்கு வர்றேன். அவர் வார்த்தையில கேக்கணும்” என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

“இதுல என்ன முடிவு வேண்டிக் கெடக்கு? போட்டுக்க வேண்டியதுதான!” என்று நாத்தனார் தம்பியின் முகத்துக்கு நேரே குனிந்தாள். “டேய், போடலாம்னா ஒரு தடவ கண்ண மூடித் தெற. அவ்வளவுதான். எனக்கு அது போதும்.”

அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். திறக்கவே இல்லை. அது ‘ஆமாம்’ என்பது இல்லை, ‘இல்லை’ என்பதும் இல்லை. பேச மாட்டேன் என்பது. நாத்தனார் எண்ணெய்க் கிண்ணத்தை ‘டங்’கென்று வைத்துவிட்டு எழுந்தாள். அவள் போன பிறகு செய்தியாளர் சொன்னார்: “ஆமாம், இல்லை என்று முடிகிற விஷயம் இல்லை இது. எழுதித் தருகிறேன். அவசரப்படுத்தாதே.”

ஆனால் ஆள் நிற்கும்போது எழுத மாட்டார். பெட்டி அந்தரத்தில் தொங்கும்போது கூண்டுக்குள் யாரும் வரக் கூடாது என்பது கிரேன்காரர்களின் சட்டம். மேலதிகாரி ஏணியேறி வந்தாலும் கதவைத் திறக்க மாட்டார்கள். அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. அவள் அந்தப் பக்கம் போன பிறகுதான் ஆரம்பிப்பார். ஆரம்பித்ததும் ‘டொடங்.’ அவள் ஓடிவந்து பார்த்தால் திரையில் பாதி வரி நிற்கும். ஒருநாள், ‘மூச்சு மெஷினைப் பற்றி நான்.’ இன்னொரு நாள், ‘முதலாளியம்மா, கோபப்படாமல் கேள். அந்த மெஷின்.’ வயரைச் செருகி உயிர் வந்ததும், அவர் அவளை ஒருமுறை பார்ப்பார். பிறகு எழுத்து எழுத்தாக அழித்துவிடுவார்.

அந்த மெஷின்... என்ன? வேலை செய்துகொண்டே அவள் அந்த வரியை முடித்து முடித்துப் பார்த்தாள். எப்படி முடித்தாலும் பயமாக இருந்தது. போட்டால் ஆயுள் முழுக்க ஒரு குழாயை நம்பி அவர் கிடக்க வேண்டும். போடாவிட்டால் இந்த அறையில் கட்டில் மட்டும் மிஞ்சும். முடிவு தெரியாமல் இருப்பதே நல்லது என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்காக நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை நடந்ததுதான் அவளை உடைத்துப் போட்டது.

மதியம். வெளியே மழை சாய்த்து ஊற்றியது. ஓரம் அடிக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. போனைத் திறந்தாள். தலை லேசாகச் சாய்ந்து, கண் திறந்து, அவர் அமைதியாக இருந்தார். நிம்மதியாக ஒரு கோட்டின் ஓரத்தை அடித்து முடித்தாள். அணைந்திருந்த போனை ஒளிரவைத்துப் பார்த்தாள். அதே அமைதி. இன்னொரு கோட்டை எடுத்தாள். ஏதோ ஒன்று உறுத்தியது. என்னவென்று தெரியவில்லை. காலை மெஷினிலிருந்து எடுத்து, போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். அவருக்குப் பின்னால் ஜன்னல் திரைச்சீலை. இந்தக் காற்றுக்கு அது பேயாட்டம் ஆட வேண்டும். படத்தில் அது ஆடவே இல்லை.

அது ஓடுகிற படம் இல்லை. எப்போதோ உறைந்துபோன ஒரு கணம்.

அவள் உள்ளே ஓடியபோது திரைச்சீலை கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் முகம் கருநீலமாக இருந்தது. தொண்டையில் சளி அடைத்து, ‘கர்க் கர்க்’கென்று உள்ளுக்குள் ஏதோ இழுத்தது. கண்கள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தன. திரையில் ‘வா வா வா வா’ என்று ஒரு வரி. அதற்கு மேல் எழுத்து இல்லை. சிவப்புப் புள்ளிகளும் இல்லை.

சளி உறிஞ்சுகிற குழாயை இரண்டு முறை கீழே தவறவிட்டாள். மூன்றாவது முறை தொண்டைக்குள் போனது. சளி வந்தது, மூச்சு வந்தது, முகத்துக்கு நிறம் வந்தது. அவர் கன்னத்தில் வழிந்த கண்ணீரைத் துடைத்துவிட்டு, கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தாள். வயரைச் செருக வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து முன்பைவிட இரண்டு மடங்கு போனைப் பார்த்தாள். காலர் முடிகிறவரை பொறுக்கவில்லை. ஒரு பக்கத் தையலுக்கு ஒருமுறை பார்த்தாள். கண்பட்டையும் முன்பைவிட இரண்டு மடங்கு செத்தது.

புதன்கிழமை நாத்தனார் அவளை அடுப்படிக்குள் இழுத்து, குரலைத் தாழ்த்தினாள். அவள் குரலைத் தாழ்த்துவது என்பதே பயப்பட வேண்டிய விஷயம்.

“சொன்னா கோவிச்சுக்காத. மெஷின்ல கோளாறுன்னு நீயும் அந்த ரீஸ்டார்ட்டும் சுத்திச் சுத்தி வர்றீங்க. ஆளு பக்கத்துல இருந்தா ஓடுது, தனியா விட்டா நிக்குதுன்னா, மெஷினுக்கு எப்படித் தெரியும், ஆள் இருக்கா இல்லையான்னு?”

“என்ன அண்ணி சொல்ல வர்றீங்க?”

“நாம இருந்தா அவன் கஷ்டப்பட்டுக் கண்ண நிறுத்திப் பாக்கறான். நாம போனதும் கண்ணு ஓஞ்சுபோயிடுது. அதான்.” நாத்தனார் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “கண்ணுக்கும் வந்துடுச்சோ என்னவோடி.”

“வாய மூடுங்க அண்ணி.”

இருபது வருஷத்தில் அவள் நாத்தனாரிடம் அப்படிப் பேசியதில்லை. நாத்தனாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அதுவும் பயமாக இருந்தது.

கண் கடைசியாகத்தான் போகும், பல பேருக்குப் போகவே போகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பல பேருக்கு என்றால் எல்லாருக்கும் இல்லை. சாயங்காலம் சூப் ஊட்டும்போது அவள் கரண்டியைக் கொஞ்சம் இடது பக்கம் கொண்டுபோனாள். அவர் கண் கூடவே வந்தது. வலது பக்கம் கொண்டுபோனாள். வந்தது. மேலே தூக்கினாள். கண் மேலே வரவில்லை. அவள் முகத்தில் வந்து நின்றது. பிறகு மெதுவாகத் திரைக்குப் போனது.

“கரண்டிக்கு என்ன, பறக்க ஆசையா?” என்றார் செய்தியாளர்.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

வியாழக்கிழமை காலையில் ரீஸ்டார்ட் வந்தார். இந்தத் தடவை குடையை உதறும்போது அவர் எதுவும் கேட்கவில்லை. “இன்னிக்கு நான் எங்கயும் போகல அக்கா. அண்ணன் கூடவே இருக்கப் போறேன். அது சாகும்போது கையும் களவுமாப் பிடிச்சாத்தான் உண்டு” என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “ஆளு இருந்தாத்தான் சாகாதே” என்றாள் அன்று காலையிலேயே வந்துவிட்ட நாத்தனார். “அப்ப நான் ஆள் இல்லன்னு நெனச்சுக்கச் சொல்லுங்க” என்றார் ரீஸ்டார்ட்.

தையல்காரி முன்னறைக்கு வந்தாள். மறுநாள் டாக்டர் வருவார். என்ன சொல்வது? அவருக்குப் பேச்சு நின்று போச்சு, நாங்களே சொல்கிறோம் என்றா? கை பாட்டுக்குத் தைத்தது. பழக்கத்தில் போனை எடுத்து விரலால் ஒரு தட்டு.

“போச்சு!” உள்ளேயிருந்து ரீஸ்டார்ட்டின் குரல். “அக்கா, போச்சு! என் கண்ணு முன்னாடியே போச்சு!”

ஓடினாள். கிரேன்காரரின் கண் திரையிலேயே இருந்தது. இமைகூட அசங்கவில்லை. “அண்ணன் பாத்துக்கிட்டேதான் இருந்தாரு. கண்ணுல ஒரு கொறையும் இல்ல. நான் சாட்சி” என்றார் ரீஸ்டார்ட். நாத்தனார் சட்டென்று சுவரில் சாய்ந்துகொண்டாள். தையல்காரிக்கு அந்த ஒரு வார்த்தை காதுக்குள் தேன் ஊற்றியதுபோல இருந்தது. அதை முழுசாக அனுபவிக்கக்கூட நேரமில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார்கள். அவள் திரும்பி வந்தாள். ஒரு பக்கத் தையல். போனை எடுத்தாள். தட்டினாள்.

“மறுபடியும் போச்சு!”

மூன்றாம் முறை போனைக் கையில் எடுத்தவள் தட்டவில்லை. கட்டை விரல் அந்தரத்தில் நின்றது. மெஷினை நிறுத்தினாள். உள்ளே செய்தியாளர் ரீஸ்டார்ட்டை ஏதோ கேலி செய்துகொண்டிருந்தார். சாவகாசமாக, ஒரு தடங்கலும் இல்லாமல். ஓட்டின் மேல் மழை. அவள் அப்படியே நின்றாள். செய்தியாளர் பேசிக்கொண்டே இருந்தார்.

தட்டினால் தெரிந்துவிடும். தட்டாமல் இருந்தால் தெரியாமலே இருக்கும். திங்கட்கிழமைக் கருநீல முகம் கண் முன்னால் வந்தது. அவள் தட்டினாள்.

செய்தியாளர் பாதிச் சொல்லில் அறுந்தார். டொடங்.

அவள் ஓடவில்லை. நடந்து போய், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “நான்தான்.”

“என்னக்கா?”

“நான் போன்ல பாத்தா போகுது. நான் பாத்தாத்தான் போகுது. பக்கத்துல ஆள் இருந்தா நான் பாக்கறதில்ல, அதான் அப்பல்லாம் போகல.”

ரீஸ்டார்ட் அவளைப் பார்த்தார், போனைப் பார்த்தார், திரைக்கு மேலே இருந்த கேமராவைப் பார்த்தார். பிறகு தன் நெற்றியில் தானே ஓர் அடி போட்டுக்கொண்டார். கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துக் கொஞ்ச நேரம் உள்ளே தலையை விட்டிருந்தார்.

“முன்னாடி துளை, பின்னாடி துளைன்னு நான் மாத்தி மாத்திச் செருகினேன் பாருங்க, என்னச் சொல்லணும். வெளியதான் அத்தனை துளை. உள்ள ஒரே கண்ட்ரோலர். ஒரே சந்து. கேமரா சும்மா இருக்கறப்ப தொந்தரவே இல்ல. நீங்க போனத் தெறந்தா அது மொத்தப் படத்தையும் அந்தச் சந்துக்குள்ள தள்ளுது. அண்ணனோட பட்டையும் அதே சந்துலதான் போகணும். நெரிசல்ல டிரைவர் மயக்கம் போட்டு விழுந்துடறான். அவன் விழுந்தா பட்டையும் போச்சு, கேமராவும் போச்சு. உங்க போன்ல கடைசியா வந்த படம் மட்டும் அப்படியே நிக்கும்.” அப்டேட் வந்த வாரமும் புதுக் கேமரா வந்த வாரமும் ஒன்றாகிப்போனதில்தான் ஏமாந்தோம் என்றும் சொன்னார்.

அவளுக்குத் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. அவர் ‘வா வா’ என்று எழுதிய நேரத்தில், நன்றாகத்தான் இருக்கிறாரா என்று அவள் எட்டிப் பார்த்திருக்கிறாள். அந்தப் பார்வைதான் அவர் வாயைப் பொத்தியிருக்கிறது.

“தனியா ஒரு கண்ட்ரோலர் கார்டு போட்டா கேமராவுக்கு வேற சந்து கெடைச்சுடும். ஆனா எங்கிட்ட இல்ல. மழைக்குச் சரக்கு வர்றதும் நின்னுபோச்சு. அடுத்த வாரம் ஆயிடும்.”

“நாளைக்கு டாக்டர் வர்றாரு.”

“அப்ப இப்போதைக்குக் கேமராவக் கழட்டித்தான் ஆகணும்க்கா.”

ரீஸ்டார்ட் கண்பட்டைக்கு உயிர் கொடுத்தார். கிரேன்காரரின் கண் எழுத்துகளின் மேல் நகர ஆரம்பித்தது. எல்லாரும் காத்திருந்தார்கள்.

“எனக்கும் சந்தேகம் இருந்தது. நிச்சயம் இல்லை. நீ பார்க்கும்போது கேமராவில் நீல வெளிச்சம் வரும்.”

“அப்ப ஏங்க சொல்லல?” அவள் குரல் உயர்ந்தது. “உசுரு போகப் பாத்துச்சே, ஏன் சொல்லல?”

கண் நகர்ந்தது. நின்றது. நகர்ந்தது.

“அது வந்தால் நீ வந்த மாதிரி இருக்கும்.”

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “நல்லாருக்குடா உங்க குடித்தனம். அவ பாக்கறேன்னு உன்னக் கொல்லப் பாத்தா. நீ அதுக்கும் பல்லக் காட்டிக்கிட்டுக் கெடந்திருக்க” என்றாள். அவள் குரல் கரகரத்தது. ரீஸ்டார்ட் அவசர அவசரமாக மூடியை முடுக்கிவிட்டு, “அடுத்த வாரம் கார்டோட வர்றேன்” என்று குடையை எடுத்துக்கொண்டார்.

கேமராவைத் தையல்காரி தன் கையாலேயே கழற்றினாள்.

“இப்போது நீ போய்த் தை” என்றார் செய்தியாளர்.

“அண்ணியாச்சும் பக்கத்துல இருக்கட்டுமே.”

“கூண்டுக்குள் ஆள் கூடாது.”

“நான் ஆளாடா? உன் அக்காடா!” என்று நாத்தனார் சீறினாள். ஆனால் முதலில் எழுந்தவளும் அவள்தான். முன்னறைக்கு வந்ததும் தையல்காரியின் கையிலிருந்து போனைப் பிடுங்கி, துணி மூட்டைக்கு அடியில் சொருகி, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டாள். கேமராவைக் கழற்றிய பிறகு போனில் என்ன தெரியப்போகிறது என்று இருவருக்கும் தோன்றவில்லை.

அவள் தைத்தாள். இந்த வீட்டில் அவள் தைத்ததிலேயே மோசமான காலர் அன்று தைத்ததுதான். மெஷின் ஓடினால், அந்த இரைச்சலுக்குப் பின்னால் அவர் கர்க் கர்க் என்று இழுப்பதுபோலக் கேட்டது. நிறுத்தினால் ஒன்றும் கேட்கவில்லை. அது அதைவிட மோசமாக இருந்தது. எழுந்தாள். நாத்தனார் அவள் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள். மறுபடி எழுந்தாள். மறுபடி உட்கார வைத்தாள்.

“அண்ணி, சளி அடைச்சா?”

“கூப்புடுவான்.”

“கூப்புட முடியலன்னா?”

“முடியும்டி. இப்பத்தான கழட்டின?” என்று நாத்தனார் சொன்னாள். ஆனால் அவள் பிடி இறுகி, தையல்காரியின் முழங்கையில் நகம் பதிந்திருந்தது.

காற்று திசை மாறி, சாரல் ஜன்னல் வழியாக நீலக் கோட்டுகளின் மேல் விழுந்தது. இருவரும் எழுந்து மூடவில்லை. வெளிச்சம் மங்கத் தொடங்கிய வேளையில், உள்ளேயிருந்து முழுச் சத்தத்தில் வந்தது குரல்:

“முதலாளியம்மா. முடிந்தது. வா.”

அவர் முகம் வியர்த்திருந்தது. கண் ஓரங்கள் சிவந்திருந்தன. திரை நிறைய எழுத்து. அவள் கட்டிலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாத்தனார் வாசல்படியிலேயே நின்றாள். செய்தியாளர் வெள்ளச் சேதம் சொல்கிற அதே குரலில் படித்தார்.

“டாக்டருக்கு. மூச்சு மெஷின் போடுங்கள். எனக்கு இன்னும் போக மனசில்லை. இது முதல் விஷயம். இரண்டாவது விஷயம். என் கண் இருக்கிறவரை நான் இருக்கிறேன். ஒருநாள் இந்தப் பட்டை நன்றாக வேலை செய்யும். ரிப்பேர்க்காரர் வந்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்வார். ஆனால் நான் பேச மாட்டேன். உடனே எதுவும் செய்ய வேண்டாம். பொறுங்கள். நன்றாகப் பொறுத்துப் பாருங்கள். அப்புறமும் நான் பேசவில்லை என்றால், மெஷினை நிறுத்திவிடுங்கள். என்னை உள்ளே வைத்துப் பூட்டாதீர்கள். அன்றைக்கு என் மனைவியை எதுவும் கேட்காதீர்கள். நிறுத்தச் சொல்வது அவள் இல்லை. நான்தான். இன்றைக்கே சொல்லிவிட்டேன்.”

நாத்தனார் முதல் விஷயத்திலேயே முந்தானையை வாயில் வைத்து அழ ஆரம்பித்திருந்தாள். “போடச் சொல்லிட்டான்... போடச் சொல்லிட்டான்” என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு, பாலைச் சுட வைக்கிறேன் என்று அடுப்படிக்குப் போனாள். இரண்டாவது விஷயம் அவள் காதில் விழுந்ததா, விழாததுபோல இருந்துகொண்டாளா, தெரியவில்லை.

தையல்காரிக்கு இரண்டும் விழுந்தன. இத்தனை நாள் ‘டொடங்’ என்றால் வயரைச் செருகினாள், அணைத்துப் போட்டாள், ரீஸ்டார்ட்டைக் கூப்பிட்டாள். செய்வதற்கு ஏதோ ஒன்று இருந்தது. இனி வரப்போகிற அந்த நாளில் எந்தச் சத்தமும் வராது. சிவப்புப் புள்ளிகள் எரிந்துகொண்டே இருக்கும். செருக ஒரு வயர் இருக்காது. அவள் பொறுத்திருந்து, பொறுத்திருந்து, பிறகு கதவைத் திறந்து டாக்டரை உள்ளே விட வேண்டும்.

அவர் கண் மறுபடி திரைக்குப் போனது.

“சம்மதமா?”

அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. நாக்கு இருந்தது, தொண்டை இருந்தது, மூச்சும் இருந்தது. ஒரு சொல் மட்டும் மேலே ஏறி வர மறுத்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. கண்ணை அவள் முகத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். காற்று அடங்குகிறவரை பெட்டியைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தவர். அவருக்குக் காத்திருக்கத் தெரியும்.

“சரி” என்றாள். அவளுக்கே அது கேட்கவில்லை.

அவர் கண் நகர்ந்தது.

“கேட்கவில்லை.”

அவள் அவர் கையை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தாள். மூச்சை இழுத்து, மழையையும் தாண்டி அடுப்படிவரை கேட்கும்படி, “சரிங்க!” என்றாள்.